ஊருணிப் பக்கத்து மிட்ஃபீல்டு

நம் பள்ளி மைதானத்தில் கால்பந்து மாட்ச் நாலரைக்கு என்றால் சண்டை மூன்றரைக்கே தொடங்கிவிடும். எதிர் அணியோடு அல்ல, வேப்ப மரத்தடியில் நம் ஆட்களுக்குள்ளேயே. கோல் கீப்பர் யார், அவருக்கு முன்னால் நடுவில் தடுத்து ஆடும் ஸ்டாப்பர் யார் என்பதில் பெரிதாக வாக்குவாதம் வந்ததில்லை. மைதானத்தின் நடுவில், அதாவது மிட்ஃபீல்டில், நிற்கிற இரண்டு பேர் யார் என்பதில்தான் பங்காளிச் சண்டை அளவுக்குப் போகும். அதிலும் பதினோராம் வகுப்பில் வெளியூர்ப் பையன் ஒருவன் புதிதாகச் சேர்ந்து, அவன் காலில் வித்தையும் இருந்துவிட்டால் அந்த வருஷம் முழுக்க வேறு பேச்சே கிடையாது. தேவகோட்டை பஸ்ஸிலோ புதுவயல் பஸ்ஸிலோ வந்து இறங்கும் அந்த ஒல்லிப் பையனை எல்லாத் தலைமுறையும் பார்த்திருக்கிறது. பெயர்தான் மாறும்.

மரத்தடிக் கூட்டத்தில் இரண்டு கட்சி. மூத்தவர்கள் பின்னால் இரண்டு, நடுவில் மூன்று, முன்னால் ஐந்து என்று ஆள் நிறுத்திய காலத்தின் பாஷையில் பேசுவார்கள்: நடு வரிசைக்குச் சென்டர் ஹாஃப், முன் வரிசையின் உள் இடங்களுக்கு ரைட் இன், லெஃப்ட் இன். "அவனை இன்-ல போடுங்கப்பா, ஹாஃப்-ல போட்டா அடிச்சே உடைச்சுப்புடுவாக" என்பது அவர்கள் வாதம். இளவட்டங்கள் நாலு, நாலு, இரண்டு என்பார்கள். பிறகு வந்தவர்கள் நாலு, மூன்று, மூன்று என்றார்கள். எண்கள் மாறினாலும் கேள்வி ஒன்றுதான். பந்தைப் பறிக்கிற உழைப்பாளியை உட்கார வைத்துவிட்டு வித்தைக்காரனை இறக்கலாமா?

அந்தக் கேள்வியே தப்பு என்பது என் கட்சி. வித்தை உள்ளவன் ஆட வேண்டுமா என்பதில் சந்தேகமே இல்லை. மைதானத்தின் எந்த இடத்தில், யார் பக்கத்தில் என்பதுதான் பேச வேண்டிய விஷயம். ஆளைத் தேர்வது பாதி வேலை. ஜோடியைத் தேர்வதுதான் மிட்ஃபீல்டு.

வித்தை என்று நாம் எதைச் சொல்கிறோம் என்பதிலேயே பாதிப் பேர் ஏமாந்துவிடுகிறார்கள். பந்தைத் தொடையிலும் தலையிலும் நூறு தடவை தட்டுகிறவன், ஓரமாக நின்று மூன்று பேரை வெட்டிப் போகிறவன், இவர்களைப் பார்த்துக் கை தட்டுவது சுலபம். நடுவில் ஆட அது போதாது. கவனிக்க வேண்டியவை வேறு. பந்து தன்னிடம் வந்து சேர்வதற்கு முன்பே தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை பார்க்கிறானா? பந்து வரும்போது அவன் உடம்பு கொடுப்பவனை நேராகப் பார்த்து நிற்கிறதா, இல்லை பாதி திரும்பி இரண்டு கோலும் கண்ணில் படும்படி நிற்கிறதா? எதிராளிக்குத் தூரமான காலில் பந்தை வாங்குகிறானா? முதல் தொடுதலிலேயே பந்து அடுத்த வேலைக்கு வசதியான இடத்தில், ஒரு அடி தள்ளி, விழுகிறதா? இந்த நாலும் இருந்தால் பையன் கெட்டிக்காரன். இடது கால் வெறும் ஊன்றுகோல் என்றால் மட்டும் கொஞ்சம் யோசிக்கலாம். ஏனென்றால் இரண்டாவது மாட்சுக்குள் எதிர் அணி அதைக் கண்டுபிடித்து, வலது பக்கத்தை அடைத்துவிடும்.

வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்கள் டிவியில் பார்த்துவிட்டு மறந்துபோகிற விஷயம் தரை. இங்கிலாந்தில் கோடைக்காலக் கணக்கில் பகல் மூன்று மணி ஆட்டம் சிங்கப்பூரில் இரவு பத்து, காரைக்குடியில் ஏழரை. மூன்று இடத்திலும் ஒரே ஆட்டத்தைப் பார்க்கலாம்; ஆனால் அங்கே பந்து ஓடுகிற புல் தரை வேறு, நம் செம்மண் வேறு. நம்முடையது வெயிலில் ஓடு மாதிரி இறுகிவிடும். மேலே சரளைக்கல் உதிரியாகக் கிடக்கும். பத்து மீட்டர் தரைப் பாஸ், ஏழாவது மீட்டரில் ஒரு கல்லில் பட்டு முழங்கால் உயரத்துக்கு எழும்பும். புல் தரையில் உள்ளங்காலால் அமுக்கி ட்ராப் பண்ணிப் பழகியவன் இங்கே தோற்றுப்போவான். பந்து எழும்பியபின் தொடையாலோ, கணுக்காலின் உட்பக்கத்தாலோ, காலைச் சற்றே பின்வாங்கித் தாங்கத் தெரிந்தவன்தான் பிழைப்பான். அதனால் புதுப் பையனைச் சோதிக்கிறவர்கள் அவனுக்கு அழகான பாஸ் கொடுத்துப் பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை. துள்ளிக்கொண்டு வருகிற மோசமான பந்தைக் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

பந்தில் உள்ள காற்றும் இந்தக் கணக்கில் சேரும். ஐந்தாம் எண் பந்து 68 முதல் 70 சென்டிமீட்டர் சுற்றளவு, 410 முதல் 450 கிராம் எடை. காற்றழுத்தத்துக்கு விதி கொடுக்கிற இடைவெளி பெரியது: 0.6 முதல் 1.1 வளிமண்டலம் வரை, பம்ப்பில் உள்ள மீட்டரின் பி.எஸ்.ஐ. கணக்கில் ஏறக்குறைய எட்டரையிலிருந்து பதினைந்தரை. இறுகிய செம்மண்ணில் பன்னிரண்டுக்கு மேல் அடித்தால் பந்து ரப்பர் பந்தாகிவிடும், நடுவில் ஆடுகிறவனுக்கு வேலையே இராது, எல்லாம் தலைக்கு மேலே போகும். ஒன்பது, ஒன்பதரையில் நிறுத்தினால் அதே பந்து அடங்கும். இதுவும் விதிக்குள்தான். அடித்துத் துரத்தி ஆடுகிற அணி கெட்டிப் பந்தைக் கேட்கும், தொட்டுத் தொட்டு ஆடுகிற அணி தளர்ந்த பந்தைக் கேட்கும். டாஸுக்கு முன்னாலேயே நடக்கிற மாட்ச் இது. காலணியிலும் அப்படித்தான். நீள ஸ்டட் செம்மண்ணில் இறங்காது, பாதம் வழுக்கிக் கணுக்கால் பிசகும். குட்டையாக நிறைய ரப்பர்க் குமிழ் உள்ளதுதான் சரி.

இனி ஜோடிக்கு வருவோம். நாலு, நாலு, இரண்டில் நடுவில் நிற்கும் இருவரும் ஒரே கோட்டில் நின்றால் ஒரு பாஸில் இருவரும் காலி. ஒருவருக்கொருவர் பத்துப் பன்னிரண்டு மீட்டர் தூரம், அதிலும் ஒருவர் முன்னே ஒருவர் பின்னே சாய்வாக. ஒருவன் ஏறினால் மற்றவன் ஸ்டாப்பர்களுக்கு முன்னால் நிற்க வேண்டும். இருவருக்கும் ஏறத்தான் ஆசை என்றால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்து அணியில் ஜெரார்டையும் லாம்பார்டையும் சேர்த்துப் போட்டுப் போட்டுப் பார்த்த வருஷங்களே சாட்சி. தனித்தனியே இருவரும் எப்பேர்ப்பட்ட ஆட்டக்காரர்கள்!

நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வட்டிக்கடை உதாரணம் போதும். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று பர்மாவிலும் மலேயாவிலும் கடை நடந்ததே, அதில் மேலாள் வெளியே போய்ப் பெரிய கணக்கு முடிக்க வேண்டுமானால் பெட்டியைப் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான அடுத்தாள் உள்ளே இருக்க வேண்டும். இரண்டு மேலாள் இருந்த கடை உருப்பட்டதா? இரண்டு அடுத்தாளை மட்டும் வைத்துக்கொண்டு புதுக் கணக்கு பிடிக்கத்தான் முடிந்ததா? உழைப்பாளியா வித்தைக்காரனா என்று மரத்தடியில் தொண்டை கிழியக் கத்துகிறவர்கள் ஏதோ ஒரு பக்கத்துக்கு வட்டிக்கடையை மூடச் சொல்கிறார்கள்.

1982 உலகக் கோப்பையில் பிரேசிலின் நடுவில் ஜிக்கோ, சாக்ரடீஸ், ஃபால்காவோ, செரெஸோ. நால்வரும் பந்தை அடிமையாக வைத்திருந்தவர்கள். ஜூலை 5, பார்சிலோனாவில் இத்தாலிக்கு எதிராக அவர்களுக்கு டிரா போதும். செரெஸோ தன் பாதியில் குறுக்கே தட்டிவிட்ட ஒரு சோம்பல் பாஸைப் பாவ்லோ ரோஸ்ஸி பறித்து இத்தாலியின் இரண்டாவது கோலை அடித்தார். பிறகு ஃபால்காவோ சமன் செய்தார். அப்போதாவது இரண்டு பேர் பின்னால் தங்கியிருக்கலாம். தங்கவில்லை. 3-2, மூன்றும் ரோஸ்ஸி. மூத்த கட்சிக்காரர்கள் இதைச் சொல்லி இளசுகளின் வாயை அடைப்பார்கள்.

அதற்கு மாற்று உதாரணம் இத்தாலியின் பிர்லோ. 2001-ல் பிரெஷியா கிளப்பில், முன்வரிசைக்குச் சற்றுப் பின்னால் நின்று ஆடும் பத்தாம் எண் இடத்தில் ராபர்ட்டோ பாஜியோ இருந்ததால், பயிற்சியாளர் மட்ஸோனே இவரைப் பின்னுக்கு இழுத்து, ஸ்டாப்பர்களுக்கு முன்னால் நிறுத்தினார். அங்கே நெருக்கடி குறைவு, முகத்துக்கு நேரே மைதானம் முழுவதும் தெரியும். பிறகு மிலான் கிளப்பில் பயிற்சியாளர் அன்செலோட்டி அதையே நிரந்தரமாக்கினார், பக்கத்தில் கட்டூஸோ. ஒருவர் பறிப்பார், ஒருவர் பகிர்வார். 2006-ல் இத்தாலி உலகக் கோப்பையை எடுத்தபோதும் இதே ஜோடி. ஒல்லிப் பையனை ஹாஃப்-ல் போட்டால் உடைந்துவிடுவான் என்ற மூத்தவர்களுக்கு இது பதில்: பக்கத்தில் கட்டூஸோ நின்றால் உடையமாட்டான்.

அவ்வளவு தூரம் போவானேன். 2018 மார்ச் 17, பெங்களூரில் நடந்த இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) இறுதி ஆட்டத்தில் சென்னையின் எஃப்.சி. 3-2 என்று ஜெயித்தது. நடுவில் பிரேசில்காரர் ரஃபேல் அகஸ்டோவின் கால் வித்தை. அவர் ஏறி ஆட முடிந்ததற்குப் பின்னால் நம் சென்னைப் பையன் தன்பால் கணேஷ் போன்றவர்களின் காவல். மூன்றாவது கோலை அடித்தவர் அகஸ்டோ. மறுநாள் பேப்பரில் அடித்தவர் பெயர்தான் பெரிய எழுத்தில் வரும், அது உலக வழக்கம்.

வித்தைக்காரனால் அணிக்கு வரும் கேடுகளையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். முதலாவது, நாலாவது தொடுதல். இரண்டு தொடுதலில் கொடுத்தால் ஓரத்தில் ஓடுகிறவன் சரியான நேரத்தில் இருப்பான். நாலு தொட்டால் அவன் ஆஃப்சைடில் நிற்பான், கொடி மேலே போகும், கூட்டம் ஓரத்தில் ஓடியவனைத் திட்டும். குற்றம் நடுவில் இருந்தவனுடையது. இரண்டாவது, சொந்தப் பாதியில் வெட்டப் பார்ப்பது. ஓரத்தில் தடுத்து ஆடும் ஃபுல் பேக் இருவரும் ஏறியிருக்கிற நேரத்தில் அங்கே பந்து போனால் நிற்பது இரண்டு ஸ்டாப்பர் மட்டுமே. மூன்றாவது, பந்து போனதும் கையை விரித்துக்கொண்டு நிற்பது. போன பந்தை மீட்கும் வாய்ப்பு முதல் ஐந்தாறு நொடியில்தான், அதற்குள் அவன் இரண்டு எட்டு வைத்து எதிராளியின் வழியை மறித்தாலே போதும், பறிக்கக்கூட வேண்டாம். அவன் நின்றுவிட்டால் பக்கத்துத் துணைக்காரன் இரண்டு பேர் வேலையைச் செய்து, தாமதமாகக் கால் நீட்டி, மஞ்சள் அட்டை வாங்குவான். அட்டை வாங்கியவனைத்தான் அடுத்த நாள் மரத்தடி வறுத்தெடுக்கும்.

அதனால் வேப்ப மரத்தடியில் நோட்டும் பென்சிலுமாக ஒருவர் உட்கார்ந்தால் போதும், பாதி வாதம் அடங்கிவிடும். ஒவ்வொரு மிட்ஃபீல்டருக்கும் மூன்று கட்டம்: முன்னோக்கிக் கொடுத்து ஆளிடம் சேர்ந்த பாஸ், சொந்தப் பாதியில் இழந்த பந்து, மீட்ட பந்து. பின்னாலும் பக்கவாட்டிலும் கொடுத்த பாஸைக் குறிக்க வேண்டாம், அது யாராலும் முடியும். சொந்தப் பாதியில் இழந்த ஒன்றை மூன்று இழப்பாக எண்ண வேண்டும் என்பது என் கணக்கு. சிலர் இரண்டு என்பார்கள். இரண்டு பாதியையும் தனித்தனியே குறித்தால் இன்னொன்றும் தெரியவரும்: களைப்பு வந்தால் முதலில் கெடுவது ஓட்டமல்ல, முதல் தொடுதல். கடைசி இருபது நிமிஷத்தில் இழப்புகள் கூடுகின்றன என்றால் பையனுக்கு வித்தை குறைந்துவிடவில்லை, மூச்சு குறைந்திருக்கிறது. அதற்கு மருந்து மைதானத்தைச் சுற்றி ஓடுவது அல்ல. நாலு பேர் வட்டமாக நிற்க, நடுவில் இரண்டு பேர் பந்தைப் பறிக்கப் பார்க்கும் பழைய பயிற்சியே போதும். புல் தரையில் எட்டு மீட்டர்ச் சதுரம். நம் தரையில் பத்து, பதினொன்று. இரண்டு தொடுதலுக்கு மேல் கிடையாது. இரண்டு நிமிஷம் ஆட்டம், ஒரு நிமிஷம் ஓய்வு, ஆறு தடவை. பறிகொடுத்தவன் நடுவுக்குப் போக வேண்டும் என்பதால் கையை விரித்து நிற்கும் பழக்கமும் தானாகப் போய்விடும்.

புதியவனை முதல் மாட்சிலேயே ஆரம்பத்திலிருந்து போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. எதிராளி கால் கனத்த கடைசி அரை மணியில், வலுவான ஓர் அடுத்தாளின் பக்கத்தில் இறக்கலாம். பந்தை அவன் காலுக்குக் கொடுக்கச் சொல்ல வேண்டும், அவனுக்கு முன்னால் உள்ள காலி இடத்துக்கு அல்ல. ஓட்டப் போட்டியில் பத்தொன்பது வயது உடம்போடு பதினைந்து வயது உடம்பு தோற்கத்தான் செய்யும்.

எந்தப் பக்கம் இறக்குவது என்பதற்கும் நம் மைதானத்தில் தனிக் கணக்கு உண்டு. தரை ஊருணிப் பக்கம் லேசாகச் சரிவு. ஐப்பசி, கார்த்திகை மழைத் தண்ணீர் அந்த மூலைக்குத்தான் வடியும். மண்ணும் மாசி வரை அங்கே மெத்தென்று இருக்கும், கல் குறைவு, பந்து துள்ளாமல் உருளும். மற்றப் பக்கத்தில் மூன்று தொடுதல் கேட்கும் பந்து அங்கே ஒன்றில் அடங்கும். பாதி ஆட்டம் முடிந்து பக்கம் மாறினால் அவனையும் இடமிருந்து வலமாக மாற்ற வேண்டும். இதைக் கவனிக்காத பயிற்சியாளர்கள் முதல் பாதியில் அவனைப் பாராட்டிவிட்டு இரண்டாவது பாதியில் வெளியே எடுத்தார்கள். பையன் மாறவில்லை, தரை மாறியது.

நம் பழைய மாணவர் சங்கத்தில் நிதி என்ற பேச்சு வரும்போதெல்லாம் கேலரி, அலங்கார வளைவு, கல்வெட்டில் பெயர் என்றுதான் யோசனைகள் வருகின்றன. செயற்கைப் புல் கேட்கிற இளைஞர்களும் உண்டு. சித்திரை வெயிலில் அது கொதிக்கும், பராமரிப்புச் செலவும் ஓயாது. அதற்கு முன் செய்ய வேண்டியது: நடு வட்டத்தைச் சுற்றி முப்பது மீட்டர் வரைக்கும் மேல் மண்ணைக் கொத்திச் சரளையைச் சலித்து எடுப்பது, சலித்த செம்மண்ணோடு மணல் கலந்து பரப்புவது, நடுவிலிருந்து ஓரத்துக்கு நூற்றுக்கு ஒன்று என்ற வாட்டம் வைப்பது, மாட்சுக்கு முந்தின நாள் சாயங்காலம் ஒரு லாரித் தண்ணீர், மறுநாள் காலை ஈரம் பிடித்திருக்கும்போதே உருளை. வெயில் ஏறிய பின் உருட்டினால் மண் பாளம் பாளமாகப் பெயரும். உருளை பள்ளியிலேயே இருக்கிறது, சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால். அதன் கைப்பிடிக்குத்தான் வெல்டிங் வைக்க வேண்டும்.