முப்பதாம் நாள் பூசையில் வாசிக்க மூன்று நிமிடம்

அண்ணாச்சி எங்கள் பங்குக் கோயிலில், ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபையில் 26 வருடம் உறுப்பினர், கடைசி 9 வருடம் பொருளாளர். அவர் அடக்கம் முடிந்த மறுவாரமே பங்குச் சாமியார் என்னைக் கூப்பிட்டார். “முப்பதாம் நாள் பூசையில நற்கருணை கொடுத்து முடிஞ்சதும் மூணு நிமிஷம் அவரைப் பத்தி வாசி. செயலர் நீதானே?”

மூன்று நிமிடம்தானே என்று தலையாட்டிவிட்டேன். எழுத உட்கார்ந்தபோதுதான் சிக்கல் புரிந்தது. யாருக்கு உதவுகிறோம் என்பதைச் சபைக்கு வெளியே பேசக் கூடாது. அண்ணாச்சி செய்ததெல்லாம் அந்த உதவிதான். அதை விட்டுவிட்டு எதை எழுதுவது?

முதலில் எழுதியதில் பாதிப் பக்கத்தை வரலாறு தின்றுவிட்டது. 1833 ஏப்ரல் 23, பாரிஸ். ஃபிரெடெரிக் ஓசானாம் என்ற மாணவருக்கு அன்றுதான் 20 வயது நிறைந்தது. சக மாணவர்கள் சிலரும் ஒரு பத்திரிகை ஆசிரியரும் அவருமாகக் கூடித் தொடங்கியது எங்கள் சபை. ஏழைகள் வீட்டுக்குப் போய் எப்படிப் பழகுவது என்று அவர்களுக்குக் காட்டிக்கொடுத்தவர் ரோசலி ரெந்து என்ற கன்னியாஸ்திரி. 1997-ல் ஓசானாமுக்கு அருளாளர் பட்டம். வாசித்துக் காட்டியதும் என் மனைவி கேட்டாள்: “முப்பது அண்ணாச்சிக்கா, ஓசானாமுக்கா?”

கிழித்துப் போட்டேன்.

நடுவில் வங்கி வேலை வேறு. சபையின் காசோலையில் தலைவரும் அண்ணாச்சியும் சேர்ந்து கையெழுத்துப் போடவேண்டும். இறப்புச் சான்றிதழ், புதுப் பொருளாளரைத் தேர்ந்தெடுத்த தீர்மானத்தின் நகல், அவருடைய ஆதார், பான், போட்டோ எல்லாம் கொண்டுபோனோம். இனி யார் யார் கையெழுத்துப் போடுவார்கள் என்ற வரி தீர்மானத்தில் இல்லையென்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுபடி கூட்டம், மறுபடி தீர்மானம். அதுவரை இரண்டு வீட்டு மருந்துச் செலவைக் கையிலிருந்து போட்டோம். மூன்று பேர் பெயரைக் கொடுத்து, அதில் எந்த இருவரும் கையெழுத்துப் போடலாம் என்று முன்பே எழுதி வைத்திருந்தால் இந்த அலைச்சல் இல்லை. இப்போது அப்படி மாற்றிவிட்டோம்.

வீடு சந்திக்க இரண்டு பேராகத்தான் போவோம். அண்ணாச்சியோடு போகிற அண்ணன் என்னை டிவிஎஸ் 50-ல் கூட்டிப்போனார். ஒரு வீட்டுப் பாட்டி எங்களைக் கண்டதும் உள்ளே போய், கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தார். அண்ணாச்சியின் மனைவி, எங்கள் மதினி, அரைத்துத் தரும் சத்துமாவை அண்ணாச்சி அதில்தான் கொண்டுவருவாராம். காலி பாட்டிலை வாங்கிக்கொண்டுதான் அடுத்ததைக் கொடுப்பாராம். “மூடி லேசா நெளிஞ்சிருக்கு. அந்தம்மா ஏசப் போறாவ” என்று பாட்டிக்கு அதுதான் கவலை. சாவுச் செய்தியை எப்படிச் சொல்வதென்று நான் விழித்துக்கொண்டிருந்தேன். அவரோ அடக்கத்துக்கே நடந்து வந்திருக்கிறார். கூட்டத்தில் நாங்கள்தான் கவனிக்கவில்லை.

இதை எழுதலாம் என்று தோன்றியது. தெருப் பெயரை எடுத்துவிடச் சொன்னார் தலைவர். எடுத்தேன். ‘பாட்டி’ என்பதையும் எடுக்கச் சொன்னார். ‘ஒரு வீட்டில்’ என்று மாற்றினேன்.

அப்புறம் அந்த நோட்டு விஷயம். கூட்டம் முடியும்போது ரகசியப் பை சுற்றி வரும். போடுகிறவரும் போட முடியாதவரும் ஒரே மாதிரி கையை உள்ளே விட்டு எடுக்க வேண்டும். எண்ணும்போது வாராவாரம் ஒரு 200 ரூபாய் நோட்டு எட்டாக மடித்துக் கிடக்கும். பஸ் டிக்கெட்டை அப்படி மடித்து வாட்ச் பட்டையில் சொருகுகிறவர் அண்ணாச்சி, அதனால் அது அவர்தான் என்று எங்களுக்குள் ஒரு கணக்கு. அவர் போனபின் இரண்டு வாரம் அந்த நோட்டு வரவில்லை. சரி, நம் கணக்கு தப்பவில்லை என்று அதையே கடைசிப் பத்தியாக எழுதி வைத்தேன். மூன்றாவது வாரம் பையைக் கொட்டினால், எட்டாக மடித்த 200 ரூபாய் நோட்டு. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து அந்தப் பத்தியை அடித்துவிட்டேன்.

கடைசியில் ஒன்றரை நிமிடம்தான் வந்தது. பூசை முடிந்து வாசலில் மதினியைப் பார்த்தேன். வாசித்ததைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. “மாவு அரைச்சு வச்சிருக்கேன். இந்த மாசம் யாரு எடுத்துட்டுப் போறீங்க?” என்றார்.