கட்டுரை ஏற்கப்பட்ட பிறகு: தரவுப் பொதி கட்டிய அனுபவம்

அமெரிக்கப் பொருளியல் சங்கத்தின் இதழ்களில் 'நிபந்தனையுடன் ஏற்பு' என்று கடிதம் வந்துவிட்டால் வேலை முடிந்ததாக நினைக்க வேண்டாம். 2019 முதல், தரவு ஆசிரியரின் (இதழ்களுக்காக ஆய்வுத் தரவைச் சரிபார்ப்பவர்) குழு, நாம் பொதியாகக் கட்டி அனுப்பும் தரவையும் நிரலையும் ஓட்டிப் பார்த்து, அட்டவணையில் உள்ள எண்கள் அப்படியே வந்தால்தான் அச்சுக்கு விடுகிறது. ஓட்டுபவர்களில் பலர் கார்னெல் பல்கலைக்கழக இளங்கலை மாணவர்கள். பொதியோடு வைக்கும் விளக்கக் குறிப்பான ரீட்மி கோப்பில் நாம் எழுதாத எதுவும் அவர்களுக்குத் தெரியாது.

எங்கள் தரவு, இந்தியா முழுதும் வீடு வீடாக எடுத்த தேசிய குடும்பநல ஆய்வின் நான்காம் சுற்று, 2015-16. விண்ணப்பித்துப் பெறும் அந்தக் கோப்புகளைப் பிறருக்குக் கைமாற்றக் கூடாது. அதனால் பொதியில் நிரல் மட்டும். எங்கே விண்ணப்பிப்பது, எந்தக் கோப்பு, இறக்கிய தேதி எல்லாம் ரீட்மியில்.

முதலில் இடறியது, ஒவ்வொரு வீட்டுக்கும் தனி அடையாளமாக நாங்கள் கட்டிய குடும்ப எண். தொகுதி (ஆய்வு நடந்த ஊர் அல்லது பகுதி) எண்ணை ஆயிரத்தால் பெருக்கி வீட்டு எண்ணைக் கூட்டினால் எட்டு, ஒன்பது இலக்கம் வரும். எந்த வகை எண் என்று சொல்லாமல் மாறியை உருவாக்கினால், நாங்கள் பயன்படுத்திய புள்ளியியல் மென்பொருளான ஸ்டேட்டா அதை 'ஃப்ளோட்' என்ற குறைந்த துல்லிய வகையில் வைக்கும். ஃப்ளோட்டில் முழு எண்கள் 1,67,77,216 வரைதான் பிசகாமல் நிற்கும். அதைத் தாண்டினால் பக்கத்துப் பக்கத்து வீடுகள் ஒரே எண்ணில் விழுந்துவிடும். இந்த எண்ணை வைத்து இரண்டு கோப்புகளை ஒன்றுக்கொன்று இணைத்தால் 'தனித்துவமில்லை' என்று ஸ்டேட்டா கத்தும். அந்த வாயை அடைக்க 'எம்:எம்' (பலவற்றுக்குப் பல) இணைப்பு போடுபவர்கள் உண்டு, போட்டால் தொலைந்தது, பதிவுகள் தப்பாக ஒட்டிக்கொள்ளும். மாறியைக் கூடுதல் துல்லியமுள்ள 'டபுள்' வகை என்று அறிவிக்கலாம். தொகுதி எண்ணையும் வீட்டு எண்ணையும் ஒட்டாமல், இணைப்புக்கான இரண்டு சாவிகளாகவே வைத்துக்கொள்வது அதைவிட மேல்.

அடுத்தது வரிசைப்படுத்தல். சமமான மதிப்புகளை ஸ்டேட்டா ஒவ்வொரு முறையும் வேறு வரிசையில் அடுக்கும். வயதுப்படி அடுக்கி முதல் பதிவை எடுத்தால் ஓட்டத்துக்கு ஓட்டம் ஆள் மாறுவார். சீரற்ற எண்களின் தொடக்க எண்ணை (விதை) நிலைநிறுத்தும் 'செட் சீட்' கட்டளை இதற்கு உதவாது, வரிசைக்கான விதை தனி. ஒவ்வொரு பதிவுக்கும் வேறுபடும் மாறி ஒன்றையும் கடைசியில் சேர்த்து அடுக்குவதே வழி.

நிலை விளைவுகளோடு (குழுவுக்குக் குழு மாறும் மாறாத வேறுபாடுகள்) தொடர்புப் போக்கை மதிப்பிடும் 'ரெக்எச்டிஎஃப்இ' என்ற ஸ்டேட்டா கட்டளை ஒற்றைப் பதிவுள்ள குழுக்களைத் தானே கழற்றிவிடும், அதனால் அட்டவணையின் 'என்' (பதிவுகளின் எண்ணிக்கை) குறையும். அதைக் குறிப்பில் எழுதிவிடுங்கள். ஸ்டேட்டாவோடு வராத, தனியாக நிறுவ வேண்டிய இத்தகைய வெளிக் கட்டளைகளின் நகலையும் பொதிக்குள்ளேயே வைப்பது நல்லது, பதிப்பு மாறினால் எண்ணும் மாறலாம்.

கடைசியாக, வெளியீட்டு அடைவை முழுக்கக் காலி செய்து, இன்னொருவர் கணினியில் மற்ற நிரல்களை எல்லாம் வரிசையாக அழைக்கும் ஒரே தலைமை நிரலை ஓட்டிப் பாருங்கள். நம் பெயர் கொண்ட கோப்புப் பாதை எங்காவது ஒன்று ஒளிந்திருக்கும்.