மோந்து பார்த்த மூன்று நாட்கள்

சுவிஸில் ஒரு தொழிலைப் பழகப் போகிற பிள்ளை முதலில் அதை மோந்து பார்க்க வேண்டும். இங்கே அதற்குப் பெயரே அதுதான். டொச்சில், அதாவது ஜேர்மன் மொழியில், 'ஷ்னுப்பர்ன்' என்றால் மோந்து பார்ப்பது, 'லேரே' என்றால் தொழில் பழகுவது. இரண்டும் சேர்ந்து 'ஷ்னுப்பர்லேரே'. ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு நாளோ மூன்று நாளோ ஒரு கிழமையோ ஒரு வேலையிடத்துக்குப் போய், அங்கே வேலை செய்கிறவர்களுக்குப் பக்கத்தில் இருந்து பார்ப்பார்கள். தச்சுப்பட்டறைக்குப் போவார்கள், மருந்துக்கடைக்குப் போவார்கள், முதியோர் இல்லத்துக்குப் போவார்கள். 13 வயதிலிருந்து சட்டம் இதற்கு இடம் கொடுக்கிறது. நான் போனது மென்பொருள் செய்யும் ஒரு சிறிய நிறுவனத்துக்கு. அப்போது எனக்கு 14 வயது. அம்மாவும் தங்கையும் நானும் பேர்ண் நகரத்துக்கு அப்பாவிடம் வந்து சேர்ந்து மூன்று வருடம் ஆகியிருந்தது.

வீட்டில் இதை விளங்கவைக்கத்தான் பெரும் பாடு. மாமா நேரடியாகவே கேட்டார்: "நல்லாப் படிக்கிற பிள்ளையை ஏன் வேலைக்கு அனுப்பப் போறியள்?" எங்கள் ஆட்களுக்குப் படிப்பு என்றால் பல்கலைக்கழகம்தான். தொழில் பழகப் போவது படிப்பு வராத பிள்ளைக்கு என்று ஒரு நினைப்பு. இங்கே கதை வேறு. இந்த நாட்டுப் பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் தொழிற்பயிற்சி வழியாகத்தான் போகிறார்கள். தகவல் தொழில்நுட்பத்தில் அந்தப் பயிற்சி நான்கு வருடம். கிழமையில் ஒன்றிரண்டு நாள் தொழிற்பள்ளி, மற்ற நாட்கள் நிறுவனத்தில் வேலை, மாதச் சம்பளமும் உண்டு. முடிவில் நாடு முழுவதும் செல்லும் சான்றிதழ் கிடைக்கும். கூடவே தொழிற்கல்விக்கான உயர்தரப் பரீட்சையையும் எழுதினால் உயர்தொழிற்கல்லூரிக்குப் போகலாம். அதற்குப் பிறகு இன்னுமொரு தேர்வு எழுதினால் பல்கலைக்கழகக் கதவும் திறக்கும். இதை ஒரு தாளில் அம்புக்குறி போட்டு அப்பாவுக்குக் காட்டினேன். அவர் நீண்ட நேரம் பார்த்துவிட்டு, "சரி, போய்ப் பார். மூண்டு நாள்தானே" என்றார்.

இடம் தேடுவது நம் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கடினம், அதை மறைக்கத் தேவையில்லை. தெரிந்தவர் மூலம் போகிறவர்களே அதிகம், நமக்கோ அலுவலகங்களில் தெரிந்தவர்கள் குறைவு. நான் ஒன்பது இடங்களுக்கு எழுதினேன். மூன்று இடத்திலிருந்து பதில் வந்தது, ஒரு இடத்தில் வரச் சொன்னார்கள். அதுவும் தொலைபேசியில் கேட்ட பிறகுதான் நடந்தது. கேட்க வேண்டிய நான்கு வசனங்களை எழுதிவைத்து, கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்து, பிறகு எடுத்தேன். மின்னஞ்சலை விடத் தொலைபேசிக்கு இங்கே மதிப்பு என்று என் வகுப்பாசிரியை சொன்னது சரியாகத்தான் இருந்தது.

முதல் நாள் காலை எட்டு மணிக்குப் போய் நின்றேன். என்னைப் பொறுப்பேற்றவர் பயிற்சிப் பொறுப்பாளரான ஒரு பெண்மணி, அம்மாவை விட வயதில் மூத்தவர். கை குலுக்கி, பெயரைச் சொல்லி, "இங்கே எல்லோரும் 'டூ'தான்" என்றார். 'டூ' என்றால் 'நீ'. பள்ளியில் ஆசிரியர்களை 'நீங்கள்' என்று சொல்லிப் பழகியவளுக்கு, அம்மாவுக்கு மூத்தவரை எப்படி 'நீ' என்பது? முதல் நாள் முழுக்க அந்தச் சொல் வராதபடி வசனங்களை வளைத்து வளைத்துப் பேசினேன்.

அதைவிடப் பெரிய பிரச்சினை பேச்சு மொழி. பள்ளியில் நாங்கள் படிப்பது எழுத்து டொச். அங்கே எல்லோரும் பேர்ண் வட்டார வழக்கில் கதைத்தார்கள். காலையில் அவர்கள் ஒரு பலகையின் முன் வட்டமாக நின்றார்கள். நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்யப் போகிறேன், எது என்னைத் தடுக்கிறது என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள். கால் மணித்தியாலம்கூட எடுக்கவில்லை. பலகையில் நான்கு நிரல்கள்: செய்ய வேண்டியது, செய்துகொண்டிருப்பது, சரிபார்ப்பில் இருப்பது, முடிந்தது. வேலைகள் சிறு சிறு அட்டைகளாக இடமிருந்து வலமாக நகர்ந்தன. பார்க்க விளங்கியது, காதுக்கு எதுவும் விளங்கவில்லை. நான் தலையாட்டிக்கொண்டே நின்றேன்.

தலையாட்டுவது இந்த நாட்டில் நான் முதலில் கற்றுக்கொண்ட பாடம். விளங்காதபோது தலையாட்டினால் எதிரில் இருப்பவர் முகம் சுளிக்காமல் அடுத்த விடயத்துக்குப் போய்விடுவார். பிறகு வீட்டுக்கு வந்து அகராதியைப் பார்த்துக்கொள்ளலாம். வைத்தியரிடம் அம்மாவோடு போகும்போதும் அப்படித்தான், பள்ளிக் கூட்டத்திலும் அப்படித்தான்.

மதியத்துக்கு முன் அந்தப் பெண்மணி என்னைத் தனியே கூப்பிட்டு, "எவ்வளவு விளங்குகிறது?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். அவர் காத்திருந்தார். கடைசியில், "பாதி" என்றேன். அது கூட உண்மையில்லை, கால்வாசி. உடனே எல்லோரிடமும் சொல்லி எழுத்து டொச்சுக்கு மாறச் சொன்னார். யாருக்கும் சலிப்பில்லை. "இங்கே 'விளங்கவில்லை' என்று சொல்வதும் வேலையில் ஒரு பகுதி. சொல்லாமல் விட்டால்தான் பிறகு எல்லோருக்கும் கஷ்டம்" என்றார். மரியாதைக்குச் சொல்கிறார் என்றுதான் அப்போது நினைத்தேன்.

அது மெய்யென்று காட்டியவர் மூன்றாம் ஆண்டுப் பயிலுநர் ஒருவர். 18 வயது இருக்கும். அவர் பக்கத்தில்தான் எனக்குக் கதிரை. அவர் எழுதிய கணினி நிரலை நேரே சேர்க்க முடியாது. எல்லோரும் வேலை செய்யும் மூலத்திலிருந்து ஒரு கிளை பிரித்து, அதில் எழுதி, சேர்க்கும்படி கேட்க வேண்டும். வேறொருவர் வரி வரியாகப் படித்து, கருத்து எழுதி, சம்மதித்தால்தான் சேரும். அன்று அவருடைய வேலைக்கு பதினொரு கருத்துகள் வந்திருந்தன. பதினொன்று! பள்ளிக் கொப்பியில் பதினொரு சிவப்புக் கோடு வந்தால் நான் அதை வீட்டில் காட்டியிருக்க மாட்டேன். அவரோ ஒவ்வொன்றாகத் திறந்து, சிலதைத் திருத்தி, இரண்டுக்கு மறுப்பும் எழுதினார். அதில் ஒரு கருத்து இவ்வளவுதான்: "இந்த இடம் எனக்கு விளங்கவில்லை." எழுதியது அந்தப் பெண்மணி, இருபது வருட அனுபவம் உள்ளவர். பயிலுநர் அந்த வரியை நீக்கிவிட்டு வேறு மாதிரி எழுதினார். விளங்காதது வாசித்தவரின் குறையாக அங்கே எடுக்கப்படவில்லை. எழுதியதைத் தெளிவாக்க வேண்டும் என்றுதான் எடுத்தார்கள்.

இரண்டாம் நாள் எனக்கு ஒரு சிறு வேலை தந்தார்கள். பைதான் என்ற கணினி மொழியில், ஒரு சொல்லைக் கொடுத்தால் எத்தனை எழுத்து என்று எண்ணி, அதைத் தலைகீழாகத் திருப்பிக் காட்ட வேண்டும். பயிலுநர் உதவியோடு பத்து வரிக்குள் முடிந்தது. டொச் சொற்களுக்கு ஒழுங்காக வேலை செய்தது. பிறகு என் லாப்டொப்பில் தமிழ் விசைப்பலகையைத் திறந்து, 'தமிழ்' என்று அடித்தேன். கணினி ஐந்து என்றது.

எனக்குத் தெரிந்து அது மூன்றெழுத்து. அரிச்சுவடி படித்த பிள்ளை யாரைக் கேட்டாலும் மூன்று என்றுதான் சொல்லும். திருப்பிக் காட்டியதோ இன்னும் மோசம்: முன்னால் தனியாக ஒரு புள்ளி, பிறகு 'ழிமத'. 'மி'யில் இருந்த விசிறி, அதாவது இகரக் குறி, 'ழ'வில் போய் ஒட்டியிருந்தது.

நான் ஏதோ பிழை விட்டுவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். பயிலுநர் அதைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோட் முறையில் 'த' ஒரு குறி, 'ம' ஒரு குறி, அதன் விசிறி தனிக் குறி, 'ழ' ஒரு குறி, புள்ளி தனிக் குறி. ஆக ஐந்து. கணினி எண்ணியது குறிகளை, நான் எண்ணியது எழுத்துகளை. உயிர்மெய் என்றால் என்ன, மெய்யெழுத்துக்குப் புள்ளி ஏன் என்று வெள்ளைப் பலகையில் எழுதிக் காட்டச் சொன்னார்கள். அந்த அறையில் எனக்கு மட்டும் தெரிந்த ஒன்றை, டொச்சில், நான்கு பேருக்கு விளக்கினேன். வேற்றுமை உருபுகள் பிழைத்திருக்கும், அதைப் பற்றி அப்போது நினைக்கவே இல்லை. அவர்களுடைய 'ü' எழுத்தையும் ஒரே குறியாகவும் எழுதலாம், 'u'வும் மேல் புள்ளிகளுமாக இரண்டு குறியாகவும் எழுதலாம் என்று பயிலுநர் காட்டினார். கண்ணுக்கு ஒன்று, எண்ணினால் வேறு. எழுத்துகளை எழுத்துகளாகவே எண்ணித் தரும் ஆயத்த நிரல் தொகுப்பு (நூலகம் என்பார்கள்) ஒன்றைச் சேர்த்தோம். மூன்று வந்தது.

அந்த நிறுவனம் அப்போது செய்துகொண்டிருந்தது பள்ளி நேரத்துக்குப் பிறகான பிள்ளைப் பராமரிப்புக்குப் பெற்றோர் பதிவு செய்யும் படிவம். டொச், பிரெஞ்சு, இத்தாலியம் மூன்றிலும் வர வேண்டும். 'சேமி' என்ற பட்டனுக்கு இத்தாலியத்தில் ஐந்து எழுத்து, டொச்சில் ஒன்பது, பிரெஞ்சில் பதினொன்று. ஒரு மொழிக்கு அளவெடுத்த பட்டன் இன்னொரு மொழிக்குப் போதாது. எனவே பட்டனின் அகலத்தைச் சொல்லே தீர்மானிக்கும்படி எழுதுகிறார்கள்.

படிவங்கள் எனக்குப் புதிதில்லை. வந்து ஒரு வருடத்திலேயே எங்கள் வீட்டுப் படிவங்களுக்கு நான்தான் பொறுப்பு. காப்புறுதி, வாடகை, தங்கையின் பள்ளி, எல்லாம் என் கையால்தான். அதனால் அந்தத் திரையைப் பார்த்ததும் ஒன்று கண்ணில் பட்டது. பிள்ளையின் குடும்பப் பெயரை எழுதியவுடன், தந்தையின் குடும்பப் பெயர்க் கட்டத்தில் அதே பெயர் தானாக வந்து விழுந்தது. மாற்றவும் விடவில்லை.

எங்கள் வீட்டில் அது பொருந்தாது. எனக்கும் தங்கைக்கும் அம்மாவுக்கும் குடும்பப் பெயராக இருப்பது அப்பாவின் சொந்தப் பெயர். அப்பாவுக்கோ அவருடைய அப்பாவின் பெயர். இதனால் அப்பாவின் முதற்பெயரையே குடும்பப் பெயராக்கிக் கடிதங்கள் வரும், பதிவுத் தபாலை எடுக்கப் போனால் அடையாள அட்டையோடு பெயர் ஒத்துப்போகாது. மூன்று வருடமாக இதை எங்கள் பிழை என்றே நினைத்திருந்தேன். நம் பெயர்கள் இந்த நாட்டுக்குச் சரிவரவில்லை, அவ்வளவுதான் என்று.

மூன்றாம் நாள் காலை வட்டத்தில் என் முறை வந்தபோது, அதைச் சொன்னேன். "இந்தக் கட்டம் எனக்கு விளங்கவில்லை" என்றுதான் தொடங்கினேன். பயிற்சிப் பொறுப்பாளரைப் பார்த்து, 'டூ' என்றும் சொன்னேன். அவர்கள் கேட்டார்கள், நான் கரும்பலகையில் எழுதுவது போல எங்கள் மூன்று தலைமுறைப் பெயர்களையும் எழுதினேன். வடிவமைப்பாளர் ஒரு புதிய அட்டை எடுத்து முதல் நிரலில் ஒட்டினார். தானாக நிரப்புவதை எடுத்துவிடுவது என்று முடிவாயிற்று.

அன்று பின்னேரம் பார்த்ததைத்தான் நான் இன்னும் மறக்கவில்லை. வெளியிலிருந்து ஒருவர் வந்து அந்தப் படிவத்தை நிரப்பிப் பார்த்தார். மனதில் நினைப்பதை வாய்விட்டுச் சொல்லும்படி அவரிடம் கேட்டிருந்தார்கள். வடிவமைப்பாளர் என்னிடம் சொன்னது: உதவி செய்யாதே, சுட்டிக்காட்டாதே, எங்கே நிற்கிறார் என்று மட்டும் எழுது. ஐந்து பேரை வைத்துத்தான் சோதிப்பார்களாம். அது போதுமா என்று கேட்டேன். ஐந்து பேரிலேயே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்று பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2000-ல் எழுதியதைச் சொல்லி, நூறு பேரை ஒரு தடவை கூப்பிடுவதை விட ஐந்து ஐந்து பேராகப் பல தடவை கூப்பிடுவது மேல் என்றார். வந்தவர் மூன்றாவது கட்டத்தில் நின்றார். என் கை தானாக எழும்பியது. கையை மடக்கிக்கொண்டு எழுதினேன்: மூன்றாவது கட்டம், சுட்டி அசையவில்லை, 'யாரைக் கேட்கிறார்கள்?' என்றார்.

வீட்டுக்குப் போனபோது அம்மா கதவைத் திறந்தபடியே கேட்டார்: "இண்டைக்கு என்ன செய்தனீ பிள்ளை?"

சொல்லி விளங்கவைக்க முடியவில்லை. ஒரு தாளை எடுத்து அந்தப் படிவத்தை அப்படியே கீறினேன், கட்டம் கட்டமாக, டொச்சில். "அம்மா, இதை நிரப்புங்கோ. நான் ஒண்டும் சொல்ல மாட்டன்" என்றேன். அம்மா பென்சிலை வாங்கிக்கொண்டு மேசையில் உட்கார்ந்தார். பெயர் எழுதினார், முகவரி எழுதினார். பிள்ளைக்குப் பொறுப்பானவர் என்பதற்கு அதிகாரிகள் எழுதும் அந்த நீளமான டொச் சொல்லில் பென்சில் நின்றது. வழமை போல என்னை நிமிர்ந்து பார்த்தார்.

நான் என் கொப்பியில் நான்காவது கட்டம் என்று எழுதிவிட்டுக் காத்திருந்தேன்.