ஓடாத முயல்

உரம் வந்த வெள்ளைச் சாக்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஒரு பையன் ஆஸ்பத்திரி வாசலில் நின்றான். பின்னாலேயே சைக்கிளைப் பிடித்தபடி அவன் தாத்தா. மாசி மாதம். சம்பா அறுவடை முடிந்து, அறுத்த தாளுக்கு நடுவே உளுந்து பச்சை கட்டியிருந்த நேரம். நான் காலையில் மூன்று மாட்டுக்குச் சினை ஊசி போட்டுவிட்டு அப்போதுதான் டீயைக் கையில் எடுத்திருந்தேன்.

"டாக்டர் சார், இதச் சாப்பிடலாமான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்றார் தாத்தா. சாக்குக்குள் ஒரு காட்டுமுயல். செத்து அதிக நேரம் ஆகியிருக்காது, உடம்பு இன்னும் விறைக்கவில்லை.

திருவாரூர் பக்கத்தில் மாட்டு டாக்டராக இருந்த இத்தனை வருஷத்தில் இந்தக் கேள்வியை நான் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கு இல்லை. கோழிக்குக் கேட்பார்கள், வாத்துக்குக் கேட்பார்கள். தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி ஆட்டு ஈரலை வாழையிலையில் வைத்து வீட்டுக்கே கொண்டுவந்துவிடுவார்கள். என் மனைவி கதவைத் திறந்து, இலையைப் பார்த்து, ஒன்றும் பேசாமல் என்னைக் கூப்பிட உள்ளே போவாள்.

முயலைப் பொறுத்தவரை முதலில் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு, அதைச் சொன்னேன். காட்டுமுயலைப் பிடிப்பதும் அதன் கறியை வைத்திருப்பதும் 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நோய் இருக்கிறதா இல்லையா என்ற பேச்சே அதற்கு அப்புறம்தான். பெரியவர் முகம் சுருங்கிவிட்டது.

"வேட்டையெல்லாம் ஆடலங்க சார். வரப்போரமா உக்காந்து கெடந்திச்சு. இவன் போயி கையால புடிச்சிட்டான்."

கையால பிடித்தானா? டீயைக் கீழே வைத்துவிட்டேன்.

காட்டுமுயலைக் கிட்டத்தில் பார்த்தவர்களுக்குத் தெரியும். கண்ணுக்கு நேரே புல்லுக்குள் பதுங்கிக் கிடக்கும், நமக்குத் தெரியாது. காலடி படுகிற தூரம் வந்ததும் பிய்த்துக்கொண்டு ஓடும். கூண்டில் வளர்க்கிற முயல் வேறு, இது வேறு. கூண்டு முயல் கண் திறக்காத, முடி முளைக்காத குட்டி போடும். காட்டுமுயல் குட்டி பிறக்கும்போதே கண்ணும் முடியுமாக, ஓடத் தயாராகப் பிறக்கும். வளையும் தோண்டாது. ஓட்டம் ஒன்றுதான் அதற்குக் காப்பு. அப்படிப்பட்டது ஒரு பள்ளிக்கூடப் பையன் கையில் சிக்கியது என்றால், பிடிபடுவதற்கு முன்பே அதற்கு ஏதோ ஆகிவிட்டது.

கல்லூரியில் படிக்கும்போது அமெரிக்கப் பாடப்புத்தகம் ஒன்றில் துலரீமியா என்ற நோயைப் பற்றி இரண்டு பக்கம் வரும். காட்டுமுயலைத் தாக்கும், உண்ணி வழியாகப் பரவும், ஈரலிலும் மண்ணீரலிலும் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழும். அந்த ஊர் வேட்டைக்காரர்கள் கையுறை போட்டுத்தான் முயலை உரிப்பார்கள், மந்தமாக நடக்கிற முயலைத் தொடவே மாட்டார்கள் என்று எழுதியிருந்தது. பரீட்சைக்குப் படித்து மறந்துவிட்டேன். நம் பக்கத்தில் நான் பார்த்த வியாதி இல்லை அது. ஆனால் அதில் ஒரு விஷயம் மட்டும் பின்னால் வேலையில் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது. அந்த நோய் தின்பவனைவிட உரிப்பவனைத்தான் அதிகம் பிடிக்கும். விரலில் ஒரு கீறல் இருந்தால் போதும்.

நம் ஊரில் அந்த இடத்தில் இருப்பது அடைப்பான், ஆந்த்ராக்ஸ் என்பார்களே அது. அதை வைத்து நான் பட்ட அவமானத்தையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம், ஐப்பசி அடைமழை. ஒரு ஊரில் ராத்திரியோடு ராத்திரியாக மூன்று ஆடு செத்துப்போனது. நான் போய்ச் சேர்வதற்குள் ஒன்றை உரித்துக் கூறு போடத் தயாராகிவிட்டார்கள். எதிர்பார்த்தது போலவே ஈரலை நீட்டினார்கள். வாங்கிப் பார்த்தேன். ஓரம் கத்தி மாதிரி கூர்மையாக இருந்தது. வீங்கின ஈரல் என்றால் ஓரம் மழுங்கி உருண்டுவிடும். புள்ளி இல்லை, கட்டி இல்லை. பித்தக்குழாயை அறுத்து அழுத்தினேன். டெல்டா ஆட்டில் பாதிக்குப் பாதி அதற்குள்ளிருந்து வேப்பிலை மாதிரி தட்டைப்புழு வழுக்கிக்கொண்டு வரும். வயல் நத்தை இருக்கிற இடத்தில் அது இல்லாமல் இருக்காது. அதுவும் இல்லை. "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டேன்.

என்னோடு வந்திருந்த பராமரிப்பு உதவியாளர், ரிட்டையர் ஆக இரண்டு வருஷம் பாக்கி இருந்தவர், என் காதருகே வந்து, "சார், கீழ கெடக்குற ரத்தம் உறஞ்சிருக்கான்னு பாத்தீங்களா?" என்றார்.

பார்க்கவில்லை. சாணி மெழுகின தரையில் ரத்தம் இன்னும் தண்ணீராக ஓடிக்கொண்டிருந்தது. ஆட்டின் மூக்கிலும் பின்னாலும்கூட ரத்தம் கசிந்திருந்ததை அவர்தான் காட்டினார். திடீர்ச் சாவு, உறையாத ரத்தம், துவாரங்களில் கசிவு, இந்த மூன்றும் சேர்ந்து இருந்தால் ஆட்டைத் திறக்கவே கூடாது. திறந்தால் காற்றுப் பட்டு அந்தக் கிருமி விதை மாதிரி கெட்டியான கூட்டுக்குள் போய்விடும், மண்ணில் வருஷக்கணக்காகக் கிடக்கும். கொதிக்கிற குழம்பும் அதை லேசில் கொல்லாது. இதையெல்லாம் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் நான்! கையில் ஈரலோடு நின்றுகொண்டிருக்கிறேன்.

அப்புறம் நடந்ததெல்லாம் ஒரே ரகளை. காது நுனியிலிருந்து ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி ஆய்வகத்துக்கு அனுப்பினோம். மூன்று ஆட்டையும் கூறு போட்ட கறியோடு சேர்த்து ஆறடிக் குழியில் சுண்ணாம்பு கொட்டிப் புதைக்கச் சொன்னேன். உரித்தவர்களை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினேன். முடிவு வந்தது. அடைப்பான் இல்லை. ஆட்டுக்காரர் அடுத்த பத்து வருஷம் என்னை எங்கே பார்த்தாலும், பஸ் ஸ்டாண்டாக இருந்தாலும் கல்யாண வீடாக இருந்தாலும், "மூணு ஆட்டப் பொதைக்கச் சொன்ன டாக்டரு" என்றுதான் பக்கத்திலிருப்பவருக்கு அறிமுகம் செய்து வைப்பார். நான் மறுத்ததில்லை. புதைக்கச் சொன்னதில் தப்பில்லை, அதற்கு முன்னால் "நல்லாத்தான் இருக்கு" என்று சொன்னதுதான் தப்பு. அது அவருக்குத் தெரியாது.

அன்றிலிருந்து யார் ஈரலை நீட்டினாலும் கையில் வாங்குவதில்லை. "உசுரோட இருக்கும்போது எப்படி இருந்துச்சு?" என்றுதான் முதலில் கேட்பேன். அசை போட்டதா, மந்தையோடு போனதா, தானாகச் செத்ததா அறுத்ததா, கடைசியாக என்ன ஊசி போட்டது, எப்போது. இந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் பொய் அதிகம் வரும். சீக்கு வந்த ஆட்டுக்கு ஊசி போட்டுப் பார்ப்பார்கள், தேறாது என்று தெரிந்ததும் அன்றைக்கே கறிக்கடைக்குத் தள்ளிவிடுவார்கள். மருந்தைப் பொறுத்துச் சில நாளிலிருந்து சில வாரம்வரை கறியில் அது தங்கும். கடையில் வாங்குகிறவர் ஈரலையும், சுவரொட்டி என்கிற மண்ணீரலையும் புரட்டிப் புரட்டிப் பார்ப்பார். ஊசி கண்ணுக்குத் தெரியுமா?

உயிரோடு இருக்கும் பிராணியைப் பார்க்க எனக்குச் சொல்லித்தந்தது கல்லூரி இல்லை. அறுவடைக்கு அப்புறம் ராமநாதபுரம் பக்கமிருந்து ஆட்டு மந்தையோடு வயலில் கிடை போட வருகிற கீதாரிகள்தான். நூற்றுக்கணக்கான ஆடு வயலில் படுத்திருக்கும். விடியற்காலையில் பட்டியைத் திறக்கும்போது கீதாரி ஒரு கோலை ஊன்றிக்கொண்டு சும்மா நிற்பார். சும்மா நிற்பதாகத்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் கேட்டதற்கு, "எந்திரிச்சதும் எது நெளிவு எடுக்கலேன்னு பாக்குறேன்" என்றார். படுத்து எழுந்த ஆடு முதுகை வளைத்துச் சோம்பல் முறிக்க வேண்டும். முறிக்காததைத் தனியே ஒதுக்குவார். நான் வெப்பமானி வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் அதற்குக் காய்ச்சல் இருக்கும்.

கூண்டு முயல் பக்கம் வந்த அனுபவம் கொஞ்சம்தான். ஒரு காலத்தில் முயல் பண்ணை என்று டெல்டாவிலும் ஒரு ஆசை கிளம்பியது. வெள்ளை ஜெயண்ட், சோவியத் சின்சில்லா என்று பேர் சொல்லி வாங்கிவந்து வைத்தார்கள். நம் மழைக்காலத்து ஈரத்தில் கூண்டின் அடி காயாது, ரத்தக்கழிச்சல் கிருமி ஈரலில் போய் உட்காரும். குட்டிகள் வயிறு மட்டும் பானையாகி முதுகெலும்பு தெரிய நிற்கும். அறுத்துப் பார்த்தால் ஈரல் முழுக்கக் கடுகிலிருந்து பட்டாணி அளவுவரை மஞ்சள் கலந்த வெள்ளைக் கட்டிகள். கத்தி நுனியால் ஒன்றைக் கீறினால் கெட்டித் தயிர் மாதிரி வரும். பார்க்க அருவருப்பாக இருந்தாலும் அது மனிதனுக்கு ஒட்டுகிற வியாதி இல்லை. ஈரலைத் தூக்கிப்போட்டுவிட்டு, தேறின முயலாக இருந்தால் கறியைச் சாப்பிடலாம். இதைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஈரல் சுத்தமாக இருந்ததே என்று செத்த ஆட்டைத் தின்ன நிற்பவர்களும் அவர்களேதான்.

சரி, சாக்கு முயலுக்கு வருகிறேன். வனத்துறைக்குப் போன் செய்தேன். வனக்காவலர் வர மத்தியானம் ஆகிவிட்டது. அதுவரை தாத்தா வேப்பமரத்தடியில் உட்கார்ந்தே இருந்தார், கேஸ் போடுவார்களோ என்ற பயம். காவலர் நல்ல மனிதர், எழுத வேண்டியதை எழுதிக்கொண்டு, பிரேதப் பரிசோதனை செய்து சொல்லச் சொன்னார்.

திறந்த வெளியில், காற்று என் முதுகிலிருந்து வீசுகிற மாதிரி நின்றுகொண்டு அறுத்தேன். பையன் எட்ட நின்று எட்டிப் பார்த்தான். ஈரலில் ஒரு புள்ளி இல்லை. கொஞ்சம் ரத்தம் கோத்திருந்தது, அவ்வளவுதான். நெறி எதுவும் வீங்கவில்லை. நுரையீரல் மட்டும் நனைந்த பஞ்சு மாதிரி கனத்தது. இரைப்பையைக் கீறியதும் கெட்டுப்போன பூண்டு நாற்றம் குப்பென்று வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன், அந்த வாயுவே விஷம். பச்சை உளுந்து இலைக்கு நடுவே கறுப்பாகச் சாயமேறிய நொய்யரிசி. ஜிங்க் பாஸ்பைடு, எலிக்கு வைக்கிற மருந்து.

"ஈரல் நல்லாத்தானே சார் இருக்கு?" என்றான் பையன்.

இரைப்பையில் இருந்ததைக் காட்டினேன். அவன் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மரத்தடியில் இருந்த தாத்தாவைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "எங்க அப்பாதான் சார் நேத்து சாயங்காலம் நொய்யில மருந்து கலந்தாரு. எங்க வீட்டு நாயும் வயலுக்குத்தான் போயிருக்கு."

தாத்தாவின் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவன் கிளம்பியபோது, பெரியவர் ஒன்றும் புரியாமல் வனக்காவலரைப் பார்த்து எழுந்து நின்றார்.