டிராபிக்கானாவில் கணக்குப் பார்த்த காலம்

“கேசினோகூடவா நஷ்டப்படும், மாப்ளே?”

லாஸ் வேகாஸின் டிராபிக்கானா சூதாட்ட ஹோட்டலை 2024 ஏப்ரல் 2-ஆம் தேதி மூடப்போகிறார்கள் என்று போனில் சொன்னதும் மாமா கேட்டது இதுதான். விருதுநகரில் மொத்த மளிகை வியாபாரம் செய்தவர். கல்லாவைப் பார்த்தே ஒரு கடை இன்னும் எத்தனை வருஷம் ஓடும் என்று சொல்லிவிடுவார். “இடத்துக்கு நல்ல விலை வந்திருக்கு மாமா” என்று சுருக்கமாகச் சொல்லி வைத்தேன். அது பொய்யில்லை, ஆனால் பாதி பதில். மீதியைச் சொல்ல வேண்டுமென்றால் அந்த ஹோட்டலின் அறுபத்தேழு வருஷக் கதையையும் சொல்ல வேண்டும். போனில் அதற்கு இடமில்லை.

நான் அங்கே பார்த்தது வருமானத் தணிக்கை வேலை. முந்தைய நாள் மேசைகளிலும் ஸ்லாட் எந்திரங்களிலும் விழுந்த பணம், கேஜ் என்கிற பணக் கூண்டில் கைமாறிய சிப்புகள் (பணத்துக்குப் பதிலாக ஆடும் வில்லைகள்), அறை வாடகை, பார், உணவகம் எல்லாம் காலையில் எங்கள் பிரிவுக்கு வந்து சேரும். எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். மேசைக்குக் கூடுதல் சிப் அனுப்பிய ஒரு சீட்டில் கையெழுத்து விட்டுப்போயிருந்தால்கூட அதன் கதையைத் தேடிப் பிடித்த பிறகுதான் அந்த நாளை மூட முடியும்.

வெளியே இருப்பவர்களுக்குக் கேசினோ என்றால் விளக்கும் சத்தமும்தான். எங்களுக்கு அது பெட்டிகள். ஒவ்வொரு மேசைக்கு அடியிலும் ஒரு பூட்டிய பெட்டி தொங்கும். ஆட வந்தவர் நோட்டை நீட்டினால், ஆட்டத்தை நடத்தும் ஊழியரான டீலர் அதைக் கையில் வாங்கமாட்டார். மேசையில் வைக்கச் சொல்வார். நோட்டுகளை மேலேயுள்ள கேமராவுக்குத் தெரிகிற மாதிரி விரித்து, தொகையை உரக்கச் சொல்லி, சிப்பை அடுக்கிக் காட்டி நகர்த்துவார். 5 டாலர் சிவப்பு, 25 பச்சை, 100 கறுப்பு. அப்புறம்தான் நோட்டைத் துவாரத்தின் மேல் வைத்து ஒரு பிளாஸ்டிக் தகட்டால் உள்ளே அழுத்துவார். அதற்குமேல் அந்த நோட்டை மேசையில் இருக்கும் யாரும் தொட முடியாது. பெட்டிகளைப் பாதுகாவலர் துணையோடு எண்ணும் அறைக்குக் கொண்டுபோவார்கள். அங்கே இருப்பவர்கள் பையே வைக்காத அங்கி போட்டிருப்பார்கள். மூக்கைச் சொறியக் கையை எடுத்தாலும் முதலில் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து, புரட்டிக் காட்டிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். டீலர்கள் மேசையைவிட்டு விலகும்போது செய்வதும் இதையேதான். பல வருஷம் இந்த வேலையில் இருந்தவர்கள் வீட்டில் சாப்பாட்டு மேசையிலிருந்து எழும்போதுகூடத் தன்னை அறியாமல் கையை விரித்துக் காட்டுவதைப் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவு கட்டுப்பாடு எதற்கு என்று புதிதாகச் சேருகிறவர்கள் கேட்பார்கள். பதில் எங்கள் கட்டடத்தின் வரலாற்றிலேயே இருந்தது.

டிராபிக்கானா திறந்தது 1957 ஏப்ரல் 4. செலவு 15 மில்லியன் டாலர், அறைகள் 300. வாசலில் 60 அடி உயரத்தில் துலிப் பூ வடிவ நீரூற்று. ஹவானாவின் கேளிக்கை விடுதியிலிருந்து பெயரையும் அந்த வெப்பமண்டலச் சாயலையும் எடுத்துக்கொண்டார்கள். திறந்து ஒரு மாதம்கூட முடியவில்லை. மே 2-ஆம் தேதி நியூயார்க்கில் ஃபிராங்க் காஸ்டெல்லோ என்ற மாஃபியா தலைவரை அவர் குடியிருந்த கட்டடத்தின் முன்கூடத்தில் சுட்டார்கள். குண்டு தலையை உரசிப்போனது, ஆள் பிழைத்துக்கொண்டார். போலீஸ் அவர் பையில் ஒரு துண்டுச் சீட்டைக் கண்டெடுத்தது. ஏப்ரல் கடைசி வரையிலான கேசினோ வரவு 651,284 டாலர் என்று அதில் எழுதியிருந்தது. அந்த எண் டிராபிக்கானாவின் கணக்குப் புத்தகத்தோடு அப்படியே பொருந்தியது.

தணிக்கைக்காரன் என்ற முறையில் என்னை இன்றைக்கும் உலுக்குவது அந்தச் சீட்டு. துப்பாக்கிச் சூட்டைவிட, ஒரு கேசினோவின் உள் கணக்கு எண் நாட்டின் மறுகோடியில் உரிமமே இல்லாத ஒருவரின் பைக்குள் போய்ச் சேர்ந்ததுதான் எனக்குப் பெரிய விஷயம். எண்ணும் அறையிலிருந்து ஒரு எண் வெளியே போகிறதென்றால் பணமும் போகும். 1970-களின் கடைசியில் அதுதான் மறுபடியும் நடந்தது. கான்சாஸ் சிட்டி மாஃபியா குடும்பத்துக்காக, கணக்கில் ஏறுவதற்கு முன்பே பணம் உருவப்பட்டது. எஃப்பிஐ ரகசியமாக ஒட்டுக்கேட்ட உரையாடல்களிலிருந்து அது வெளிவந்து, வழக்காகி, பலர் சிறைக்குப் போனார்கள். இன்று நெவாடாவில் நடைமுறையில் இருக்கும் கட்டுப்பாடுகளில் பலவும் அந்தக் காலத்தின் விளைவு.

ஆனாலும் அதே காலத்தில்தான் அந்த ஹோட்டல் தன் உச்சத்திலும் இருந்தது. லாஸ் வேகாஸின் பெரிய கேசினோக்கள் வரிசையாக நிற்கும் தெருவுக்கு ஸ்ட்ரிப் என்று பெயர். விலையுயர்ந்த நகைக்கடையான டிஃபனியை வைத்து “ஸ்ட்ரிப்பின் டிஃபனி” என்று எங்கள் ஹோட்டலுக்குப் பட்டப்பெயர். 1959 கிறிஸ்துமஸ் முந்தின நாள் பாரிஸின் ஃபோலி பெர்ஜேர் நடன நிகழ்ச்சி அங்கே தொடங்கியது. 2009 மார்ச் 28 வரை, கிட்டத்தட்ட ஐம்பது வருஷம் ஓடியது. வெள்ளைப் புலிகளோடு உலகப் புகழ் பெற்ற ஜீக்ஃப்ரீட்–ராய் ஜோடி லாஸ் வேகாஸில் முதன்முதலாக மேடையேறியது 1967-இல் இந்த நிகழ்ச்சியில்தான். நான் சேர்ந்தபோது நிகழ்ச்சி நின்றிருந்தது. ஆனால் அதன் ஆடையறையில் வேலை பார்த்துவிட்டு, பிறகு சீருடை வழங்கும் பிரிவுக்கு மாறிய ஓர் அம்மா இருந்தார். இறகுக் கிரீடத்தை வைத்துக்கொண்டு படிக்கட்டில் இறங்கும்போது பெண்கள் கீழே பார்க்கவே கூடாது, பாதம் படியைத் தானாகத் தேடிக்கொள்ள வேண்டும் என்பார். எங்கள் சட்டைக்குப் பித்தான் தைத்துத் தரும்போதும் அவர் பேச்சு அந்த மேடையைப் பற்றித்தான்.

இந்தப் பொற்காலத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஒன்றை விட்டுவிடக் கூடாது. 1957-இல் ஸ்ட்ரிப் ஹோட்டல்களில் கறுப்பினக் கலைஞர்கள் மேடையில் பாடலாம். விருந்தினராக வந்து தங்கவோ ஆடவோ முடியாது. 1960 மார்ச்சில்தான் அந்தத் தடையை நீக்க உடன்பாடு ஏற்பட்டது.

1979-இல் ரமாடா நிறுவனம் ஹோட்டலை வாங்கியது. அந்த வருஷம்தான் ஆட்டத் தளத்துக்கு மேலே வண்ணக் கண்ணாடிக் கூரை வந்தது: 4,000 சதுர அடி, ஒரு மில்லியன் டாலர். நான் பார்த்த கட்டட வேலைகளில் அதுபோல இன்னொன்றில்லை. கொடியும் பூவுமாக வளைந்து இறங்கும் கண்ணாடி, ஈயச் சட்டங்களுக்குள் அம்பர் நிறமும் பச்சையும். பொதுவாகக் கேசினோக்களில் கூரை தாழ்வாக, கண்ணில் படாததாக இருக்கும். வாடிக்கையாளர் மேசையைத்தான் பார்க்க வேண்டும் என்று நினைப்பார்கள். இங்கே மனிதர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார்கள். அதைக் கட்டியவருக்கு அந்த இடம் நெடுநாள் நிற்கும் என்ற நம்பிக்கை இருந்திருக்கிறது. இல்லாவிட்டால் கூரையில் யாரும் இவ்வளவு பணம் போடமாட்டார்கள்.

எண்பதுகளில் நீச்சல் குளத்துக்குள்ளேயே பிளாக்ஜாக் என்ற சீட்டாட்டத்துக்கு மேசை போட்டார்கள். ஈர நோட்டை உலர்த்த மேசையிலேயே கருவி. அதோடு புதுமை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. அதே நாற்சந்தியில் 1990-இல் எக்ஸ்காலிபர் சுமார் 4,000 அறைகளோடு வந்தது. 1993-இல் எம்ஜிஎம் கிராண்ட் 5,000-க்கும் மேல். 1997-இல் நியூயார்க்-நியூயார்க். நாங்கள் கடைசிக் காலத்தில் 1,500-க்கும் கீழே. நாலு மூலைகளையும் இணைத்து நடைமேம்பாலங்கள் கட்டிய பிறகு எங்கள் வாசலில் கூட்டம் அதிகமானதுபோலத் தெரியும். ஆனால் பலர் உள்ளே வந்தது குளிர்சாதனத்தில் கொஞ்சம் நின்றுவிட்டு அடுத்த பாலத்தைப் பிடிக்கத்தான். நகரத்தின் தொழிலும் மாறியிருந்தது. ஸ்ட்ரிப்பின் பெரிய கேசினோக்களில் 1999 வாக்கிலிருந்து சூதாட்ட வருமானம் மொத்தத்தில் பாதிக்கும் கீழே போய்விட்டது. அறை, சாப்பாடு, கச்சேரி, கடைகள்தான் பெரிய வரவு. அதற்குப் பெரிய கட்டடம் வேண்டும், தொடர்ந்து பணம் போட வேண்டும்.

மாமாவின் கேள்விக்கு வருகிறேன். மேசையில் கேசினோ நஷ்டப்படுவதில்லை. பெட்டியில் விழும் பணத்தை டிராப் என்போம். ஆடுபவர்கள் திருப்பி எடுத்துப்போனது போக நிற்பது வின். பிளாக்ஜாக்கில் 100 டாலர் டிராப்புக்குச் சுமார் 15 டாலர் நிற்கும். ஒரு ராத்திரி ஒருவர் பெரிதாக ஜெயித்துவிட்டால் அன்றைய தாளில் கழித்தல் குறி வரும்; மாத முடிவில் அது கரைந்துபோயிருக்கும். நான் இருந்தவரை மேசைகள் தங்கள் பங்கைத் தவறாமல் கொண்டுவந்தன. ஹோட்டலைத் தின்றது மேசைக்கு மேலே இருந்த கணக்கு.

2007-இல் கொலம்பியா சசெக்ஸ் நிறுவனம் பெரும் கடன் வாங்கி, டிராபிக்கானாவை நடத்திய அஸ்டார் நிறுவனத்தையே விலைக்கு வாங்கியது. அந்த வருஷ டிசம்பரில் அட்லாண்டிக் சிட்டியில் இருந்த இன்னொரு டிராபிக்கானாவுக்கு நியூஜெர்சி கேசினோ ஆணையம் உரிமம் புதுப்பிக்க மறுத்தது. 2008-இல் திவால் மனு. லாஸ் வேகாஸ் சூதாட்டமே படுத்துவிட்டதால் வந்ததில்லை அது. எங்கோ ஒரு ஆணையம் எடுத்த முடிவும் தலைக்குமேல் இருந்த கடனும்தான் எங்கள் ஹோட்டலையும் சேர்த்து இழுத்தன. 2009-இல் புது உரிமையாளர்கள் வந்து, சுமார் 180 மில்லியன் டாலர் செலவழித்து மியாமி கடற்கரை பாணியில் எல்லாவற்றையும் வெள்ளையாக்கினார்கள். நான் அந்தக் கட்டத்தில் சேர்ந்தவன். புது வண்ண வாசனையும், பழைய ஆட்கள் முகத்தில் தெரிந்த நம்பிக்கையும் எனக்கு நினைவிருக்கின்றன.

2015-இல் 360 மில்லியனுக்குப் பென் நேஷனல் என்ற கேசினோ நிறுவனம் வாங்கியது. 2020-இல் கொரோனா வந்து நெவாடா முழுக்கக் கேசினோக்கள் மூடிக் கிடந்தபோது, நிலத்தையும் கட்டடத்தையும் ஜிஎல்பிஐ என்ற நில முதலீட்டு நிறுவனம் எடுத்துக்கொண்டது. விலை 307.5 மில்லியன் டாலர், அதுவும் பணமாக அல்ல. பென் தரவேண்டிய வாடகையில் கழிவாக. 2022-இல் தொழிலை மட்டும் பாலிஸ் நிறுவனம் 148 மில்லியனுக்கு வாங்கியது. நிலத்துக்கு வருஷம் 10.5 மில்லியன் வாடகை.

என் கணிப்பில், ஹோட்டலின் விதி நிலமும் தொழிலும் பிரிந்த அந்த 2020-லேயே எழுதப்பட்டுவிட்டது. 35 ஏக்கர், ஸ்ட்ரிப்பின் தென்பகுதி, விமான நிலையம் கூப்பிடு தூரம். அப்படிப்பட்ட மண்ணில் பழைய ஹோட்டல் நடத்தி வரும் வாடகையைவிடப் பெரிய எதுவும் வரத்தான் செய்யும். அது வரும்வரை கட்டடம் நின்றால் போதும். இதில் சட்டவிரோதம் ஒன்றுமில்லை. ஆனால் அந்த மாஃபியா காலத்தில் கணக்கில் ஏறுவதற்கு முன்னால் பணம் வெளியே போனது. எங்கள் காலத்தில் எண்ணி முடித்த பிறகு வட்டியாகவும் வாடகையாகவும் போனது. முன்னதைத் தடுக்க எங்களிடம் ஆயிரம் விதிகள் இருந்தன. பின்னதை நாங்கள் ஒரு வரியாகப் பதிவு செய்தோம், அவ்வளவுதான்.

அந்தப் பெரிய விஷயம் பேஸ்பால் வடிவில் வந்தது. ஓக்லாந்து அத்லெடிக்ஸ் அணிக்கு எங்கள் நிலத்தில் 9 ஏக்கரில் 33,000 பேர் அமரும் மைதானம். 2023 ஜூனில் நெவாடா சட்டமன்றம் அதிகபட்சம் 380 மில்லியன் டாலர் பொதுப்பணம் ஒதுக்கியது. நவம்பரில் மேஜர் லீக் அணிகளின் உரிமையாளர்கள் அந்த அணியின் இடமாற்றத்துக்கு ஒப்புதல் தந்தார்கள். அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது.

கதவை மூடினாலும் கேசினோவின் கணக்கை உடனே மூடிவிட முடியாது. வெளியே மக்கள் கையில் இருக்கும் ஒவ்வொரு சிப்பும் எங்கள் கடன். அறிவிப்பு கொடுத்து, அவர்கள் மாற்றிக்கொள்ள வழிசெய்து, மிச்சச் சிப்புகளை விதிப்படி அழித்தாக வேண்டும். ஸ்லாட் எந்திரங்களில் ஏறிக்கொண்டே போகும் ஜாக்பாட் தொகை இன்னொரு விஷயம். அது ஆடுபவர்கள் சேர்த்த பணம். கடையை மூடுகிறோம் என்று நிர்வாகம் எடுத்துக்கொள்ள முடியாது. யாராவது ஜெயிக்கிற மாதிரி வேறு எந்திரங்களுக்கு மாற்ற வேண்டும். ஒவ்வொரு எந்திரத்தின் மீட்டரையும் படித்து, முந்தின வாசிப்போடு ஒப்பிட்டுக் கையெழுத்துப் போட்டோம். பக்கத்தில் அறைகளின் சாமான்களை எடுத்துப்போக ஆட்கள் அளவெடுத்துக்கொண்டிருந்தார்கள். சத்தமில்லாத தளத்தில் நடந்து அந்த வேலையைச் செய்ததில் எனக்குப் பெருமைதான். முகம் தெரியாத யாரோ ஒருவரின் பணத்துக்குக் கடைசிவரை கணக்குச் சொன்னோம்.

பல வருஷமாக அங்கேயே அறை சுத்தம் செய்துவந்த பெண்களில் சிலர் ஸ்ட்ரிப்பின் மற்ற ஹோட்டல்களில் சேர்ந்தார்கள். ஆனால் புது இடத்தில் சீனியாரிட்டி முதலிலிருந்து தொடங்கும். ஞாயிற்றுக்கிழமை விடுப்பு எடுத்துப் பழகியவர், மறுபடி வாரநாள் விடுப்புக்கும் பின்னிரவு ஷிஃப்டுக்கும் போக வேண்டும். ஐம்பத்தெட்டு வயதில் அது லேசான விஷயமில்லை. இழப்பீடு பற்றிய பேச்சில் இதற்கு யாரும் கணக்குப் போட்டதாகத் தெரியவில்லை.

2024 அக்டோபர் 9 அதிகாலை இரண்டரை மணிக்கு, ட்ரோன் காட்சியும் வாணவேடிக்கையும் முடிந்து, இரண்டு கோபுரங்களும் 22 விநாடியில் தரைமட்டமாயின. நான் போகவில்லை. வீடியோவில் பார்க்கும் எண்ணமும் இதுவரை வரவில்லை.

இப்போது ஸ்ட்ரிப்பிலேயே வேறொரு ஹோட்டலில் அதே தணிக்கை வேலை. சீசர்ஸ் பேலஸ், எம்ஜிஎம் கிராண்ட், வெனிஷியன் என்று இந்தத் தெருவின் பெரிய பெயர்களின் நிலமும் கட்டடமும் இன்று நில முதலீட்டு நிறுவனங்களிடம்தான் இருக்கின்றன. நான் இப்போது இருக்கும் ஹோட்டலும் அப்படித்தான். மாத அறிக்கை வந்ததும் டிராப்பையும் வின்னையும் பார்ப்பதற்கு முன்னால் வாடகை வரியைத்தான் தேடுகிறேன். போன வருஷத்தைவிட அது கூடியிருக்கிறது.