ஐந்து டி-34 டாங்கிகள், ஆறு ஞாயிற்றுக்கிழமைகள்

இரண்டாம் உலகப் போரின் சோவியத் டாங்கியான டி-34இன் பொம்மைகள் ஐந்துக்கு நான் பெயிண்ட் அடித்த கதை இது. முதல் டாங்கிக்குப் பெயிண்ட் அடித்து முடித்து, விளையாட்டு மேசையில் கொண்டுபோய் வைத்தேன். மேசையின் மறுபக்கம் நின்ற அக்கா மகன் கேட்டான்: "மாமா, இதுல எது முன்பக்கம்?"

'ஃப்ளேம்ஸ் ஆஃப் வார்' என்ற பொம்மைப் போர் விளையாட்டை ஆடுகிறவர்களுக்கு இது முக்கியமான கேள்வி. குண்டு முன்கவசத்தில் படுகிறதா பக்கவாட்டில் படுகிறதா என்பதைப் பொறுத்துத்தான் டாங்கி பிழைக்கும். பீரங்கிக் குழலைப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்று தோன்றும். ஆனால் டரட், அதாவது பீரங்கியைத் தாங்கிச் சுழலும் மேல்கூண்டு, திரும்பியிருந்தால் குழல் எந்தப் பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும். அவன் நின்ற இடத்திலிருந்து பார்த்தேன். மூன்றடி தூரத்தில் என் டாங்கி ஒரு கருப்புக் கட்டியாகத்தான் தெரிந்தது.

இத்தனைக்கும் நிறத்தில் நான் குறை வைக்கவில்லை. போர்க்காலச் சோவியத் டாங்கிகளுக்கு அடித்தது 4பிஓ என்ற கரும்பச்சை. பழைய படங்களைத் தேடிப் பார்த்து, அதற்கு மிக நெருக்கமான பச்சையைத்தான் வாங்கியிருந்தேன். சிக்கல் அளவில் இருந்தது. இவை நூற்றில் ஒரு பங்கு அளவுள்ள பொம்மைகள். சுமார் ஆறு மீட்டர் நீளமான வண்டி இங்கே ஆறு சென்டிமீட்டர், தீப்பெட்டியைவிடச் சற்றே நீளம். பொருள் இவ்வளவு சிறிதானால் அதே நிறம் இன்னும் இருண்டு தெரிகிறது. போதாக்குறைக்கு அதன்மேல் பழுப்பு வாஷை, அதாவது இடுக்குகளில் தேங்கும் நீர்த்த பெயிண்டை, தலை முதல் கால் வரை தாராளமாகப் பூசியிருந்தேன். இருந்த கொஞ்ச வெளிச்சமும் அதில் போய்விட்டது.

இரண்டாவது டாங்கியை ஆரம்பத்திலிருந்தே வேறு மாதிரி செய்தேன். மூன்று சொட்டுப் பச்சைக்கு ஒரு சொட்டு மணல் மஞ்சள். வெள்ளை கலந்தால் பச்சை பால் ஊற்றியதுபோல் வெளிறிவிடுகிறது, மஞ்சள் கலந்தால் வெயில் பட்டதுபோல் இருக்கிறது. மேலே வெயில் விழும் தட்டையான பரப்புகளுக்கு இன்னும் ஒரு சொட்டு மஞ்சள் சேர்த்தேன். வாஷை ஆட்கள் ஏறி இறங்கும் மூடிகளின் ஓரத்திலும் இன்ஜின் கம்பித் தட்டிகளின் இடுக்கிலும் மட்டும், நுனி பிரஷால் ஓடவிட்டேன். கடைசியாக ட்ரை பிரஷ்: பெயிண்டைத் தொட்டு, டிஷ்யூவில் துடைத்துத் துடைத்து, ஏறக்குறைய ஒன்றும் இல்லாத பிரஷால் விளிம்புகளைத் தடவுவது. டி-34இன் டரட் நடுவில் இல்லாமல் நன்றாக முன்தள்ளி இருக்கும், பின்னால் நீளமான இன்ஜின் மேல்தளம். விளிம்புகள் வெளுத்ததும் அந்த உருவம் தூரத்திலிருந்தே பிடிபட்டது. அக்கா மகன் இந்த முறை ஒன்றும் கேட்கவில்லை. நேராக என் டாங்கியின் பக்கவாட்டைச் சுட்டான்.

தயாரிப்பு வேலைகளில் சொல்ல வேண்டியவை மூன்று. டாங்கியின் துண்டுகளை, அவை ஒட்டி வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்டுவதற்கு முன்பே பாத்திரம் கழுவும் சோப்பில் அலசிவிட வேண்டும். அச்சு வார்த்தபோது ஒட்டிய எண்ணெய் இருந்தால் பிரைமர் என்ற அடிப்பூச்சு பிடிக்காது. பிரைமர் ஸ்ப்ரேயைச் சென்னை மொட்டை மாடியில் மதிய வெயிலில் அடிக்கக் கூடாது. துளிகள் காற்றிலேயே காய்ந்து, டாங்கியின்மேல் மணல்மணலாக வந்து உட்காருகின்றன. முதல் இரண்டும் அப்படித்தான் ஆயின, பழைய டூத் பிரஷால் தேய்த்துச் சரிசெய்தேன். இப்போது காலை எட்டு மணிக்கெல்லாம் அடித்துவிடுகிறேன். தட்டில் பெயிண்ட் காய்ந்துவிடாமல் இருக்க, மூடி உள்ள ஐஸ்கிரீம் டப்பாவில் நனைத்த டிஷ்யூ விரித்து, அதன்மேல் பட்டர் பேப்பர் போட்டது நல்ல தீர்வு. காலையில் கலந்த பச்சை இரவிலும் ஓடுகிறது.

சக்கரங்களில் நிறைய நேரம் போனது, ஆசையோடுதான். பக்கத்துக்கு ஐந்து பெரிய சக்கரங்கள், விளிம்பில் ரப்பர். 1942இல் ரப்பர் தட்டுப்பாடு வந்தபோது விளிம்பு முழுக்க எஃகாலான சக்கரங்களைப் பொருத்தினார்கள். அவை போடும் இரைச்சலையும் அதிர்வையும் குறைக்க, சில டாங்கிகளில் முதல் சக்கரத்துக்கும் ஐந்தாவதுக்கும் மட்டும் ரப்பர் வைத்தார்கள். இதைப் படித்தபின் மூன்றாவது டாங்கியில் நடு மூன்று சக்கரங்களின் விளிம்பைப் பச்சையாகவே விட்டேன். எஃகுச் சக்கரத்தின் வடிவம் வேறு, நிறத்தால் மட்டும் அது வந்துவிடாது. ஆனாலும் அந்த டாங்கியைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு அந்த வருடம் நினைவுக்கு வருகிறது. சங்கிலிப் பட்டைக்கு முதலில் துரு நிறம் அடித்திருந்தேன், அது தவறு. ஓடுகிற டாங்கியில் தரையில் உரசும் இடங்கள் தேய்ந்து பளபளக்கும், மற்ற இடமெல்லாம் மண். இப்போது அடர் பழுப்பு அடித்து, மேடான இடங்களில் மட்டும் பென்சில் முனையைத் தேய்க்கிறேன். கிராஃபைட் அசல் இரும்பாகவே மின்னுகிறது.

நான்காவதுதான் என் மனசுக்குப் பிடித்தது. பனிக்காலத்தில் டாங்கிக்கு வெள்ளை அடிப்பார்கள். அது நிலையான பெயிண்ட் அல்ல, குளிர்காலம் முடிந்ததும் போய்விட வேண்டிய பூச்சு. வெள்ளையடித்த சுவரில் அந்த வெள்ளை எப்படிப் போகும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். எங்கள் தெருவில் சுண்ணாம்பு அடித்த பழைய காம்பவுண்டுச் சுவர் ஒன்று உண்டு. ஒரு ஞாயிறு அதன் முன்னால் அரைமணி நேரம் நின்று பார்த்தேன். மழைநீர் வழிந்த இடங்களில் வெள்ளை கோடுகோடாகக் கீழே இறங்கியிருந்தது. ஆட்கள் சாய்கிற உயரத்தில் ஒன்றுமே மிச்சமில்லை. மூலைகளில் மட்டும் தடிப்பாக ஒட்டியிருந்தது. டாங்கியில் ஆட்கள் கால் வைத்து ஏறும் முன்சரிவையும், கை பிடிக்கும் மூடிகளையும் அதே கணக்கில் பச்சையாக விட்டேன். மற்ற இடங்களில் நீர்த்த வெள்ளையை ஸ்பாஞ்சுத் துண்டால் ஒற்றி, ஈரம் காயும் முன் சுத்தமான பிரஷால் மேலிருந்து கீழே இழுத்தேன். நான்கு முறை மெல்லிசாக. ஒரே முறையில் தடிப்பாக அடித்துப் பார்த்த பக்கத்தைக் கழுவ வேண்டியதாயிற்று.

ஐந்தாவதில் மழை வந்து விளையாடியது. ஈரக்காற்றில் மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் ஸ்ப்ரே அடித்தேன், டாங்கி முழுக்கச் சாம்பல் படர்ந்ததுபோல் மங்கிவிட்டது. வயிறு கலங்கியது. மறுநாள் பளபளப்பு வார்னிஷைப் பிரஷால் ஒரு பூச்சுப் பூசியதும் பெரும்பாலான மங்கல் கரைந்தது. காற்று உலர்ந்த பிறகு மேட் மறுபடி அடித்தேன். டரட்டின் பின்பக்கம் மட்டும் லேசாக வெள்ளை தெரிகிறது. அந்த இடத்தில் தூசி நிறத்தைத் தட்டி மறைத்திருக்கிறேன்.

முதல் டாங்கியையும் விடவில்லை. பெயிண்டை உரிக்காமல், மணல் கலந்த பச்சையை மேல்பரப்புகளில் மட்டும் இரண்டு பூச்சு ஏற்றினேன். மற்ற நான்கோடு நிறுத்தினால் கொஞ்சம் கருத்தே தெரிகிறது. அதைப் படைத்தலைவரின் டாங்கி என்று வைத்துக்கொண்டோம், அடையாளம் காண வசதியாக இருக்கிறது. அடுத்த பெட்டி பான்சர் நான்கு என்ற ஜெர்மன் டாங்கி. 1943 பிப்ரவரிக்குப் பிறகு ஜெர்மானியர்கள் அடித்த கருமஞ்சள், அதன்மேல் பச்சையும் செம்பழுப்பும். பக்கத்துக்கு எட்டுச் சின்னச் சக்கரங்கள். துண்டுகள் இப்போது சோப்புத் தண்ணீரில் ஊறிக்கொண்டிருக்கின்றன.