தென், தா, தொ

மார்ச் 2
செக் மொழி படிக்க இன்னும் பதினெட்டு நாள்.

மார்ச் 3
செக் மொழியில் மேசை (ஸ்தூல்) ஆண், விளக்கு (லம்பா) பெண், ஜன்னல் (ஒக்னொ) ஒன்றன்பால். ஒரே அறைக்குள் மூன்று பால்! நமக்கு எல்லாமே அஃறிணை, அதோடு சரி. அங்கே மெய்யில் முடிந்தால் பெரும்பாலும் ஆண், 'ஆ' என்றால் பெண், 'ஒ' என்றால் ஒன்றன்பால். கூடவே சுட்டும் பெயரடையும் மாறும்: தென் நொவீ ஸ்தூல், தா நொவா லம்பா, தொ நொவே ஒக்னொ (அந்தப் புது மேசை, விளக்கு, ஜன்னல்). வெறும் சொல்லாக எழுதிய சீட்டுகளைக் கிழித்தாயிற்று. தென், தா, தொ இல்லாமல் இனி ஒரு சொல்லும் நோட்டில் ஏறாது.

மார்ச் 4
த்ரம்வய் (டிராம் வண்டி). மெய்யில் முடிகிறது. பெண்.

மார்ச் 6
டொப்ரே ராநொ, டொப்ரீ டென், டொப்ரொவ் நொட்ஸ். காலை ஒன்றன்பால், பகல் ஆண், இரவு பெண். நொட்ஸ், த்ரம்வய்க்குத் தங்கை போல. 'டொப்ரா' (நல்ல) எப்படி 'டொப்ரொவ்' ஆனது? வாழ்த்து மூன்றும் இரண்டாம் வேற்றுமை. பெண்பாலில் மட்டும் உருமாற்றம் வெளியே தெரிகிறது.

மார்ச் 7
தொ யெ க்ஞிஹா. 'தா யெ க்ஞிஹா' இல்லவே இல்லை! "இது புத்தகம்" என்று அறிமுகம் செய்யும் தொ எதற்கும் அசையாது. புத்தகத்தோடு ஒட்டினால்தான் தா: தா க்ஞிஹா யெ நொவா. நோட்டில் நாலு இடத்தில் இதே பிழை.

மார்ச் 10
'இருந்தேன்' என்றால் நமக்கு ஆணா பெண்ணா தெரியாது. செக்கில் இறந்தகாலத் தன்மையிலேயே வெளிப்பட்டுவிடும்: ஆண் 'பில் ஸெம்', பெண் 'பிலா ஸெம்'. நிகழ்கால வினையில் இந்தத் தொல்லை இல்லை. அவன், அவள், அது மூன்றுக்கும் யெ. ஒலிப்பதிவைக் கேட்டு மனப்பாடம் செய்வதில் ஒரு பொறி உண்டு. பிடிக்கும் என்பதற்கு ஆண் குரல் 'மாம் ராட்' என்னும். பெண் சொல்லவேண்டியது 'மாம் ராடா'.

மார்ச் 11
கொலெகா (கூட வேலை செய்பவர்). 'ஆ'வில் முடிகிறது. ஆண். தென் நொவீ கொலெகா. இன்றைக்குப் போதும்.

மார்ச் 13
விடீம் நொவீ டூம் (புது வீட்டைப் பார்க்கிறேன்), விடீம் நொவேஹொ ஸ்துடெந்தா (புது மாணவனைப் பார்க்கிறேன்). ஆண்பாலுக்குள்ளேயே உயிருள்ளது, இல்லாதது என்று பிரிவினை. மலைக்க வேண்டாம், நம்மிடமும் இருக்கிறது: 'வீடு பார்த்தேன்' என்று ஐ இல்லாமல் சொல்லலாம், 'மாணவன் பார்த்தேன்' என்றால் பொருளே புரண்டுவிடும். நாயும் உயிருள்ள கணக்கில்தான். பெண்பாலுக்கு உயிர் பேதமில்லை: நொவொவ் க்ஞிஹு. ஒன்றன்பால் அப்படியே கிடக்கும்.

மார்ச் 16
தொ நொவே அவுட்டொ. ஒரு கார். பல கார்கள் என்றால் தா நொவா அவுட்டா. அச்சு அசலாகப் பெண்பால் ஒருமை. யார் செய்த வேலை இது?

மார்ச் 17
ப்ர்னோ நகரத்துப் பேச்சில் த்ரம்வய்க்கு ஷலினா என்று பெயர். 'ஆ'வில் முடியும் ஒழுங்கான பெண். அங்கேயே குடிபோய்விடலாம்.

மார்ச் 19
கடையில் கேட்கிற வரிசை: யெடென் சாய் (ஒரு டீ), யெட்னொ பிவொ (ஒரு பீர்), யெட்னு காவு (ஒரு காப்பி). யெட்னா காவா இல்லை. யெட்னு காவு. யெட்னு.